293318625600 (எண்)

293318625600 (இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு) என்பது 5040 வகுஎண்களைக் கொண்ட ஓர் உயர் பகு எண் ஆகும். சீனிவாச இராமானுசன் 1915 ஆம் ஆண்டில் வெளியிட்ட உயர் பகு எண்களின் அட்டவணையில் விடுபட்டுப் போன எண் என்பதாலேயே இது கணித வரலாற்றில் அறியப்படுகிறது.

வரையறை

தன்னைவிடச் சிறிய எந்த நேர் முழு எண்ணையும் விட மிகுதியான வகுஎண்களை உடைய எண் உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12 இன் வகுஎண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை. பன்னிரண்டு மணப்பாறை முறுக்குகளை உடைக்காமல் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு அல்லது பன்னிரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிடலாம். மேலும் ஐந்து சேர்த்துப் பதினேழாக்கினால், பதினேழு பேர் இருந்தாலொழியப் பங்கிட இயலாது.

பகாக்காரணிகள்

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இந்த 5040 உம் ஓர் உயர் பகு எண்ணே. பிளேட்டோ தம் "சட்டங்கள்" நூலில் ஒரு நகரின் குடும்பங்களுக்கு ஏற்ற தொகை எனக் கூறியதும் இதுவே.

1 முதல் 28 வரையுள்ள எண்களில் 23 ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் இதனை மீதியின்றி வகுக்கும். வகுஎண்களின் கூட்டுத்தொகை 1642243014720. அதாவது எண்ணைப்போல் ஏறத்தாழ 5.6 மடங்கு. இலக்கங்களின் கூடுதலான 45 உம் இதனை வகுக்கும். இரும முறையில் எழுத 39 பிட்டுகள் தேவை என்பதால், 32 பிட்டு முழு எண் மாறியில் இது அடங்காது. நிரல் எழுதிச் சரிபார்க்க விரும்புவோர் கவனிக்கவும்.

இராமானுசனின் அட்டவணை

இலண்டன் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளிவந்த "உயர் பகு எண்கள்" என்னும் அக்கட்டுரையில், 6746328388800 வரையிலான நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் பட்டியலிடப்பட்டன. இவற்றின் பகாக்காரணிகளில் இடையில் எதுவும் விடுபடாது என்றும், பகா எண் பெரிதாக ஆக அதன் அடுக்கு கூடாது என்றும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் இறுதி அடுக்கு 1 என்றும் அவர் நிறுவினார். நம் எண்ணும் இவ்விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டதே.

இதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600 (4800 வகுஎண்கள்), அடுத்தது 321253732800 (5376 வகுஎண்கள்). இவ்விரண்டிலும் 23 ஒரு காரணி. 7 ஒரு முறையே வருகிறது. இடையிலுள்ள நம் எண்ணிலோ 23 இல்லை, 7 இருமுறை வருகிறது. அதாவது, மிகப்பெரிய பகாக்காரணி 23 இலிருந்து 19 க்கு இறங்கி மீண்டும் 23 க்கு ஏறுகிறது. விடுபட்டதற்கு இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 146659312800 இல் 19, 160626866400 இல் 23 என இத்தகைய ஏற்ற இறக்கம் பட்டியலில் முன்னரும் உண்டு. அவற்றை இராமானுசன் தவறவிடவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்கள் வரை கணிப்பொறியின்றிச் செய்த கணக்கில் ஓர் எண் மட்டுமே தப்பியது என்பதே வியப்பிற்குரியது.

இவ்வாய்விற்காகவே 1916 ஆம் ஆண்டு கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. கழகத்தின் நிதி நெருக்கடியால் அன்று அச்சேறாத பகுதி, நிக்கோலா, ரோபன் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997 இல் இராமானுசன் பெயரிலான ஆய்விதழில் வெளிவந்தது.

அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800, விடுபட்ட இவ்வெண்ணின் சரியாக 23 மடங்கு ஆகும்.