சாமி கண்ணைக் குத்துமா?

மதுரையிலிருந்து தேனி சாலையில் மேற்கே போனால் நாகமலை புதுக்கோட்டை. அருகே கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. மலையடியில் தாமரைக் குளம், அய்யனார் கோயில். மேலே ஏறினால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர்கள் அமைதியே உருவாக அமர்ந்திருக்கிறார்கள்.

அந்த அய்யனார் சந்நிதியில் ஓர் இளம் தாய், நாலு வயதுப் பையனிடம், "கும்பிடுடா! கும்பிடாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும்" என்றாள். பையன் என்ன செய்தான் தெரியுமா? கைகளைக் குவிக்கவில்லை. இரண்டு கைகளாலும் தன் கண்களை இறுகப் பொத்திக் கொண்டான்!

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சங்கடமாகவும் இருந்தது. நம்மில் யார்தான் இதைச் சொல்லாமல் குழந்தை வளர்த்திருக்கிறோம்?

பக்தியை ஊட்டி வளர்த்தால் பிள்ளை பக்திமானாகத்தான் வருவான் என்று நாம் நம்புகிறோம். வாஸ்தவம் அப்படியில்லை. 1879-ஆம் ஆண்டில் பிறந்த இரண்டு குழந்தைகளைப் பாருங்கள். ஒருவர் ஈரோட்டில் வசதியான வைணவக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பாகவதர்களும் பண்டிதர்களும் வந்தவண்ணம் இருப்பார்கள். ஓயாமல் புராணப் பேச்சு. சிறுவன் அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கினான். அவர்தான் பெரியார் ஈ.வெ.ரா.

மற்றவர் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன். சாதாரணக் குடும்பம், அளவுக்கு மீறிய பூஜை புனஸ்காரம் கிடையாது. தகப்பனார் இறந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் படித்தான். பாடத்தைவிட விளையாட்டில்தான் நாட்டம். வீட்டில் கிடைத்த பெரியபுராணத்தை யாரும் வற்புறுத்தாமல் தானே எடுத்துப் படித்து உருகினான். 1896-இல், பதினாறு வயதில், திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டான். அவரை உலகம் ரமண மகரிஷி என்று அறியும்.

ஆக, வீட்டுப் பூஜையின் அளவை வைத்துப் பிள்ளையின் பக்தியைக் கணக்கிட முடியாது. அப்படியானால் வீட்டின் பக்தி வீண்தானா? அதுவும் இல்லை. காந்தியடிகளின் சுயசரிதையைப் பாருங்கள். மழைக்காலத்தில் அவருடைய தாயார் புத்லிபாய், சூரியனைக் கண்ணால் காணாமல் சாப்பிடுவதில்லை என்று விரதம் இருப்பார். குழந்தைகள் வானத்தைப் பார்த்தபடி காத்திருந்து, சூரியன் தெரிந்ததும் ஓடிவந்து சொல்வார்கள். அம்மா வெளியே வருவதற்குள் மேகம் மறைத்துவிடும். அவரோ கொஞ்சமும் முகம் கோணாமல் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பேய்க்குப் பயந்த சிறுவன் மோகனுக்கு ராமநாமத்தைச் சொல்லித் தந்தவள், வீட்டு வேலைக்காரி ரம்பை. அவள் பயத்தைப் போக்கச் சாமியைக் காட்டினாள். நாமோ சாமியைக் காட்டிப் பயத்தை உண்டாக்குகிறோம்!

கடவுளின் பெயரால் மிரட்டி வளர்த்த குழந்தை, பயம் தெளிந்த அன்று கடவுளையும் சேர்த்து உதறிவிடலாம். அல்லது ஆயுள் முழுதும் பயந்துகொண்டே கும்பிடலாம். இரண்டில் எது நமக்குச் சம்மதம்? அம்மா விளக்கேற்றும்போது அவள் முகத்தில் தெரியும் நிம்மதி இருக்கிறதே, குழந்தை உண்மையில் கற்றுக்கொள்வது அதைத்தான். அதற்கு உபதேசம் வேண்டியதில்லை. கேள்வி கேட்டால் வாயை அடக்காமலிருந்தால் போதும்.

அன்று குளக்கரையில் நடந்து வரும்போது அந்தப் பையன் கேட்டான்: "ஏம்மா, நான் சாமியை ஒண்ணும் செய்யலையே, அது ஏன் என் கண்ணைக் குத்தணும்?"

அவன் அம்மாவிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?