டிரைவர் மட்டை: ஆண்டுக்கு ஒரு புது மாதிரி தேவையா?

கோல்ஃப் ஆட்டக்காரர் தம் பையில் கொண்டுசெல்லக்கூடிய 14 மட்டைகளுள் மிக நீளமானதும் தலை பெருத்ததும் டிரைவர்தான். பெரும்பாலான குழிகளின் தொடக்கத்தில், சிறு முளையொன்றின் மேல் வைத்த பந்தை இயன்றளவு தூரம் அனுப்புவதே இதன் வேலை. விலையிலும் இதுவே முன்னிற்கிறது. அண்மைக்காலப் புதிய டிரைவர்கள் அமெரிக்காவில் 600 டொலர் அளவில் விற்கின்றன. ஒரு டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலே அது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா.

இந்த விலைக்கு வாங்கிய பொருள் எத்தனை காலம் ‘புதியது’ என்ற பெயரோடு இருக்கும் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. டெய்லர்மேட் 2022இல் ஸ்டெல்த், 2023இல் ஸ்டெல்த் 2, 2024இல் கியூஐ10, 2025இல் கியூஐ35 என ஆண்டுதோறும் ஒன்றை இறக்கியது. காலவே அதே நான்கு ஆண்டுகளில் ரோக் எஸ்டி, பாரடைம், ஏஐ ஸ்மோக், எலீட் என நான்கு பெயர்களைக் கொண்டுவந்தது. டைட்டிலிஸ்ட் சற்று நிதானம்: 2020, 2022, 2024 என ஓராண்டு விட்டு ஓராண்டு. பிங் நிறுவனமும் ஏறத்தாழ இரண்டாண்டுக் கணக்கிலேயே போகிறது. எல்லோரும் ஒரே இயற்பியல் விதிகளுக்கும் ஒரே ஆட்ட விதிகளுக்கும் கட்டுப்பட்டவர்கள். அப்படியிருக்க, ஒருவருக்கு ஆண்டுக்கொரு முறை புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

பதில் மோதல் கணக்கில் இருக்கிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த கொக்குவில் மாணவர் ஒருவருக்கு இது பழகிய கணக்கு. கோல்ஃப் பந்தின் திணிவு விதிப்படி 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது. டிரைவர் தலையின் திணிவு ஏறத்தாழ 200 கிராம். இரண்டும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்களவுதான். உந்தக் காப்பு விதியையும் மீளமைவுக் குணகத்தையும் சேர்த்தால் பந்து புறப்படும் வேகம் கிடைத்துவிடும். தலையின் வேகத்தை (1 + மீளமைவுக் குணகம்) ஆல் பெருக்கி, (1 + பந்தின் திணிவு ÷ தலையின் திணிவு) ஆல் வகுக்க வேண்டும்.

தலை மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்போம். மீளமைவுக் குணகம் 0.78 ஆனால் பந்து மணிக்கு 231 கிலோமீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில் புறப்படும். குணகம் 0.83 ஆனால் 238. பந்தின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீற்றர் கூடினால் தூரம் ஒரு மீற்றருக்குச் சற்று மேலாகக் கூடும் என்பது நடைமுறைக் கணக்கு. ஆகவே இந்த மாற்றத்தின் பெறுமதி ஏழு மீற்றர் அளவு. பழைய மரத் தலையிலிருந்து இன்றைய டைட்டேனியத் தலைக்கு வந்ததில், பந்தை நடுவில் அடிப்பவருக்குத் தலையின் துள்ளலால் கிடைத்த இலாபம் ஏறத்தாழ இவ்வளவே.

அந்தத் துள்ளல் பிறக்கும் விதம் சற்று விசித்திரமானது. கெட்டியான முகத்தில் மோதும் பந்து நன்றாக நசுங்குகிறது. நசுங்கிய இறப்பர் தான் வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிப் போய்விடும். மட்டையின் முகம் மெல்லியதாக இருந்து உள்வாங்கினால், பந்து அவ்வளவுக்கு நசுங்க வேண்டியதில்லை. உலோகம் வாங்கிய சக்தியை ஏறக்குறைய முழுதாகவே திருப்பித் தந்துவிடும். அதாவது, மட்டையின் முகம் பந்தை உதைப்பதால் அல்ல, பந்து வீணாக்கும் சக்தியைக் குறைப்பதால்தான் வேகம் கூடுகிறது. இதற்கு மெல்லிய, ஆனால் வெடிக்காத முகம் வேண்டும். மரத்தில் அது நடக்காது.

1979இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் உருக்குத் தலை கொண்ட டிரைவரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1991இல் காலவேயின் பிக் பேர்த்தா அந்த உருக்குத் தலையைப் பெரிதாக்கியது. 1995இல் அதே நிறுவனத்தின் கிரேட் பிக் பேர்த்தா டைட்டேனியத்துக்கு மாறியது. உருக்கைவிட இலேசான உலோகம் என்பதால், திணிவைக் கூட்டாமலே தலையைப் பெருக்கவும் முகத்தை மெலிதாக்கவும் முடிந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு புது மாதிரியும் உண்மையிலேயே புதியது. ஐந்தாண்டுக்கு முந்திய மட்டையை வைத்திருந்தவர் கண்கூடாகப் பின்தங்கினார்.

விதிகளை வகுப்போர் விழித்துக்கொண்டது 1998இல். அமெரிக்க கோல்ஃப் சங்கம் மீளமைவுக் குணகத்துக்கு 0.83 என்ற உச்சத்தை வைத்தது. ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ரூஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர் அன்ட் ஏ அமைப்பு அப்போது அதற்கு இணங்கவில்லை. அமெரிக்காவில் விதிமீறலான மட்டை பிரித்தானியாவில் செல்லுபடியானது. 2000இல் காலவே அப்படியொரு மட்டையைப் பொழுதுபோக்கு ஆட்டக்காரருக்கென விற்க முயன்றபோது, ஆட்டத்தின் மூத்த வீரர் ஆர்னல்ட் பாமர் அதை ஆதரித்துக் கடும் கண்டனத்துக்கு ஆளானார். பின்னர் இரு அமைப்புகளும் ஒன்றுபட்டன. 2004 முதல் தலையின் கனவளவு 460 கன சென்ரிமீற்றருக்குள் அடங்க வேண்டும். முகத்தின் துள்ளலை அளக்கும் முறையும் அவ்வாண்டில் மாறியது. ஊசலாடும் சிறிய உருக்குக் குண்டு முகத்தைத் தொட்டு நிற்கும் நேரம் 239 மைக்ரோசெக்கனுக்கு மேற்படக் கூடாது. விட்டுக்கொடுக்கும் எல்லை 18 மைக்ரோசெக்கன். மட்டையின் நீளம் 48 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். 2022 முதல் உயர்மட்டப் போட்டிகளில் அதை 46 அங்குலமாகக் குறைக்கவும் இடமுண்டு.

ஆக, நடுவில் பட்ட அடிக்கு இனி எந்த நிறுவனமும் முகத்தின் துள்ளலால் சட்டப்படி கூடுதல் வேகம் தர முடியாது. இருபது ஆண்டுகளாக அந்தக் கதவு சாத்தியே கிடக்கிறது. ‘இதுவரை இல்லாத வேகம்’ என்று ஆண்டுதோறும் வரும் விளம்பரத்தை இந்த ஒரு செய்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

திறந்திருந்த கதவு இன்னொன்று: நடுவில் படாத அடி. சாதாரண ஆட்டக்காரர் பந்தை முகத்தின் நட்டநடுவில் அடிப்பது அரிது. விலகி அடித்தால் தலை திரும்பும், சக்தி வீணாகும். தலையின் சடத்துவத் திருப்பம் கூடினால் அந்தத் திரும்பல் குறையும். இதற்கும் 5,900 கிராம் சதுர சென்ரிமீற்றர் என்ற உச்சம் உண்டு. மேற்சொன்ன கணக்கையே சற்று நீட்டிப் பார்க்கலாம். பந்து நடுவிலிருந்து 2 சென்ரிமீற்றர் விலகிப் படுகிறது, குணகம் 0.83இலேயே நிற்கிறது என்று கொள்வோம். சடத்துவத் திருப்பம் 2,000 ஆக உள்ள சிறிய தலையில் பந்து மணிக்கு 222 கிலோமீற்றர் வேகத்தில் போகும். 5,000 ஆக உள்ள தலையில் 231. உச்ச எல்லையான 5,900இல் 232.

முதற் பாய்ச்சலில் ஒன்பது கிலோமீற்றர் வேகம், அடுத்ததில் ஒரு கிலோமீற்றர். 2024இல் ‘பத்தாயிரம்’ என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வந்த மட்டைகள் இந்த இரண்டாவது வகை. கிடைத்திசைத் திரும்பலையும் மேல்கீழ்த் திரும்பலையும் கூட்டிச் சொன்ன எண் அது; உச்ச எல்லை முதலாவதற்கு மட்டுமே உரியது. பந்து இடம்வலமாக விலகுவதில் சிறு நன்மை இருக்கலாம். ஆனால் தூரத்தில் கிடைப்பது ஒரு மீற்றர். அதே ஆட்டக்காரரின் அடுத்தடுத்த இரு அடிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு.

இயற்கை தரும் சலுகையோடு ஒப்பிட்டாலும் இது அற்பம். 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகத்தின் திடல் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. களனிவெளி ரயில் பாதை ஊடறுத்துச் செல்லும் றோயல் கொழும்புத் திடலில் 200 மீற்றர் போகும் அடி, நுவரெலியாவில் பத்து மீற்றருக்குக் குறையாமல் கூடுதலாகப் போகும். எந்தப் புது மாதிரியும் இதைத் தராது.

பழைய மட்டையின் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. ஆயிரக்கணக்கான முறை அடிவாங்கிய டைட்டேனிய முகம் மெல்ல மெல்ல இளகி, துள்ளல் கூடிப்போகும். அப்படியே போய் ஒருநாள் வெடிக்கவும் கூடும். விதிக்குள் அடங்கித் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய மட்டை, பாவனையிலேயே விதியை மீறிவிடும். 2019இல் பிரித்தானிய ஓப்பன் போட்டியில் தொழில்முறை வீரர் சாண்டர் ஷாஃபலியின் டிரைவர் சோதனையில் தோற்றது. 2025இல் பிஜிஏ சம்பியன்ஷிப்பின்போது ரோரி மக்கில்ரோயின் மட்டையும் தோற்றது. அவர்கள் மட்டை மாற்ற நேர்ந்தது பழையது மந்தமானதால் அல்ல. அளவுக்கு மிஞ்சி வேகமானதால். வாரம் ஒருமுறை மட்டும் ஆடுபவரின் மட்டை அந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை அது தேய்வதுமில்லை, மங்குவதுமில்லை.

அப்படியானால் வீரர்கள் அடிக்கும் தூரம் எப்படி ஏறியது? அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் சராசரி டிரைவர் தூரம் 1980இல் 235 மீற்றர் அளவு, 2003இல் 261, 2023இல் 274. முதல் பாய்ச்சலில் டைட்டேனியத்துக்கும், 2000இல் வந்த புதுவகைத் திடப் பந்துக்கும் பெரும் பங்குண்டு. பிந்தியதில் உடற்பயிற்சிக்கும், பந்தின் ஏறுகோணத்தையும் சுழற்சியையும் அளக்கும் ராடார் கருவிக்கும் பங்கு கூட. பிரித்தானியாவின் சாதாரண ஆண் ஆட்டக்காரர்களை அளந்தபோது 1996இல் 183 மீற்றராக இருந்த சராசரி 2019இல் 198 ஆகியிருந்தது. உருக்கிலிருந்து டைட்டேனியம், சிறு தலையிலிருந்து பெருந்தலை, புதிய பந்து என்ற அத்தனையும் சேர்ந்து இருபத்து மூன்று ஆண்டுகளில் தந்தது 15 மீற்றர். மட்டைக்கு மட்டை பத்து மீற்றர் கூட்டியதாகச் சொன்ன விளம்பரங்களை வரிசையாகக் கூட்டிப் பார்த்தால் பந்து கடலைத் தாண்டியிருக்க வேண்டும்.

உண்மையான புதுமைகள் வராமலில்லை. 2004இல் டெய்லர்மேட்டின் ஆர்7 இடம்மாற்றக்கூடிய எடைத் திருகுகளோடு வந்தது. 2008இல் தலையின் கோணத்தைச் சரிசெய்யும் கழுத்து விதிப்படி அனுமதிக்கப்பட்டது. 2017இல் காலவே தலையின் மேலோட்டையும் அடியையும் இரு தண்டுகளால் இணைத்தது. 2022இல் டெய்லர்மேட் முகத்தையே காபன் நாரால் செய்தது. நல்லெண்ணத்தோடு எண்ணினாலும் இருபது ஆண்டில் ஐந்தாறுதான் தேறும். அதாவது மூன்று நான்கு ஆண்டுக்கு ஒன்று. இடைப்பட்ட மாதிரிகள் பெரும்பாலும் நிறமும் பெயரும்.

ஆண்டுக்கு ஒன்றும் போதாதென்று நினைத்த நிறுவனத்துக்கு என்ன நடந்தது என்பதற்கும் சான்றுண்டு. 2013இல் டெய்லர்மேட் ஆண்டுத் தொடக்கத்தில் ஆர்1, அதே ஆண்டின் பிற்பாதியில் எஸ்எல்டிஆர், தொடர்ந்து ஜெட்ஸ்பீட் என அடுக்கடுக்காக இறக்கியது. கடைத் தட்டில் விலைச்சீட்டு உலர முன்பே மட்டை பழையதாகிவிட்டது. கடைக்காரர் தேங்கிய சரக்கை அரைவிலைக்குத் தள்ளினர். அரைவிலைக்கு வரும் என்று தெரிந்த வாடிக்கையாளர் முழுவிலைக்கு வாங்காமல் காத்திருந்தார். அன்று உரிமையாளராக இருந்த அடிடாஸின் கோல்ஃப் பிரிவு வருவாய் 2013இல் 128 கோடி யூரோவாக இருந்தது, 2014இல் 91 கோடி அளவுக்கு விழுந்தது. அமெரிக்காவின் பெரிய விளையாட்டுப் பொருள் கடைத்தொடரான டிக்ஸ், 2014இல் தன் கடைகளிலிருந்த கோல்ஃப் வல்லுநர் நூற்றுக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தியது. 2016இல் நைக் கோல்ஃப் மட்டை உற்பத்தியையே கைவிட்டது. 2017இல் அடிடாஸ் டெய்லர்மேட்டை 42.5 கோடி டொலருக்கு விற்றது. இவை எல்லாவற்றுக்கும் மாதிரிப் பெருக்கம் ஒன்றே காரணமல்ல. ஆட்டக்காரர் தொகையும் அப்போது தேங்கியிருந்தது. ஆனால் தேங்கிய சந்தையில் சரக்கைக் குவித்தது நிறுவனங்களின் சொந்த வேலை.

கொக்குவிலில் கோல்ஃப் மட்டை பிடித்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். துடுப்பு பிடித்தவர்கள் அப்படியல்ல. கிரிக்கெட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1979 டிசம்பரில் பேர்த் ஆடுகளத்தில் டெனிஸ் லில்லி அலுமினியத் துடுப்போடு இறங்கியதன் பின், துடுப்பின் அடிக்கும் பகுதி மரமாகவே இருக்க வேண்டும் என்று விதி இறுகியது. 2017இல் விளிம்பின் தடிப்பு 40 மில்லிமீற்றர், மொத்தத் தடிப்பு 67 மில்லிமீற்றர் என எல்லை வந்தது. அகலம் 108 மில்லிமீற்றர் என்பது பழைய விதி. இத்தனைக்குள்ளும் ஆண்டுதோறும் புதுப் பெயரும் புது ஒட்டுச்சித்திரமும் வருகின்றன. கொக்குவில் இந்துக் கல்லூரி மாணவன் ஒருவன் துடுப்பு வாங்கப் போனால் பயிற்றுநர் ஒட்டுச்சித்திரத்தைப் பார்க்கச் சொல்வதில்லை. மரத்தின் இழையையும் கைக்கு ஏற்ற எடையையும் பார்க்கச் சொல்வார்.

டிரைவருக்கும் பொருந்துவது அதுவே. ஒரே தலையில் தண்டின் வளைவுத்தன்மையையும் முகத்தின் சாய்வையும் ஆட்டக்காரரின் வீச்சுக்கேற்ப மாற்றினால் பந்தின் ஏறுகோணமும் சுழற்சியும் மாறும். மெதுவாக வீசுபவருக்குத் தவறான சாய்வினால் போகும் தூரம், இரு மாதிரிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிது. இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலைக்குப் புது மாதிரி தேவையில்லை. அளவுக்கருவியும் தெரிந்த ஆளும் போதும்.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு சொல் உண்டு. போட்டியாளர் தை மாதத்தில் புதியதோடு வரும்போது கைகட்டி நிற்பவரின் இடம் கடைத்தட்டில் சுருங்கும். ஒப்பந்த வீரர்களின் கையில் எப்போதும் விற்பனைக்குள்ள பெயர் இருக்க வேண்டும். அடுத்த மாதிரிக்கான வடிவமைப்பு முந்தியது சந்தைக்கு வரும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே தனியொரு நிறுவனம் மூன்றாண்டு பொறுக்கத் துணிவது எளிதல்ல. ஆயினும் இரண்டாண்டுக் கணக்கில் போகும் டைட்டிலிஸ்ட்டும் பிங்கும் அழிந்துவிடவில்லை. பொறியியல் தரும் கணக்கு மூன்று நான்கு ஆண்டு; வியாபாரம் தாங்கும் கணக்கு இரண்டு ஆண்டு. ஓராண்டுக் கணக்குக்கு விளம்பரத் துறையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்த ஓராண்டுக் கணக்கால் இலாபமடைபவர் ஒருவர் உண்டென்றால், அது சிக்கனக்காரர்தான். புதியது வந்த கிழமையே முந்தியதன் விலை சரிகிறது. பாவித்த மட்டைகளும் சந்தைக்கு வருகின்றன. புதிதாக வாங்க நினைப்பவர் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு முந்திய மாதிரியை, முகத்தில் வெடிப்பில்லையா என்று பார்த்து வாங்கி, மிஞ்சும் பணத்தில் தம் வீச்சுக்கேற்ற தண்டைப் பொருத்திக்கொள்வது நல்லது. 2004இற்குப் பிந்திய நல்ல டிரைவரைக் கையில் வைத்திருப்பவர், அது வெடிக்கும்வரை கடைப்பக்கம் போகத் தேவையில்லை.