உஷார்! ‘ஹைட்ரஜன் ரெடி’ ஸ்டிக்கரை நம்பி பாய்லர் வாங்காதீர்கள்

ஹாரோ, ஈஸ்ட் ஹாம் என்று பிரிட்டனில் எங்கே இருந்தாலும் சரி, சமையலறை அலமாரிக்குள் இருக்கும் கேஸ் பாய்லர் மக்கர் பண்ணுகிறதா? புதியது மாட்ட வருபவர், “இது ஹைட்ரஜன் ரெடி. நாளைக்கே குழாயில் ஹைட்ரஜன் வந்தாலும் கவலையில்லை” என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்த ‘நாளை’ வருவதற்கான அறிகுறியே இல்லை.

அந்த ஸ்டிக்கரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பல பாய்லர்களில் அதன் பொருள், 20 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த வாயுவிலும் இயங்கும் என்பதுதான். அந்தத் திறன் 1990களிலிருந்தே பிரிட்டனில் விற்கும் பாய்லர்களுக்குச் சட்டப்படி கட்டாயம்! எல்லாப் பாய்லரிலும் இருப்பதைத் தனிச்சிறப்பாக விளம்பரம் செய்வது பற்றி, பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையமே 2023இல் எச்சரித்தது. இன்னொன்று: 20 சதவீதம் கலந்தால் கார்பன் 20 சதவீதம் குறையாது, சுமார் 7 சதவீதம்தான் குறையும். காரணம், ஒரே கொள்ளளவில் இயற்கை வாயு தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஹைட்ரஜன் தருகிறது.

சரி, முழுக்க ஹைட்ரஜனே வந்தால்? காற்றாலை மின்சாரம் 100 யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனை அழுத்தி, குழாயில் அனுப்பி, வீட்டில் எரித்தால் கடைசியில் கிடைக்கும் வெப்பம் 60 யூனிட் அளவுதான். அதே 100 யூனிட்டை, வெளியே இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துத் தரும் ஹீட் பம்புக்குக் கொடுத்தால் ஏறத்தாழ 300 யூனிட் வெப்பம் வீட்டுக்குள் வரும். ஐந்து மடங்கு வித்தியாசம்! இந்தக் கணக்கைப் போடாமல் குழாய்க்கும் சேமிப்புக் கிடங்குக்கும் கோடிகோடியாகத் திட்டம் தீட்டுவது மக்கள் பணத்தோடு விளையாடுவது.

பாதுகாப்பும் சின்ன விஷயமில்லை. இயற்கை வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். ஹைட்ரஜனுக்கு அந்த எல்லை 4 முதல் 75 சதவீதம் வரை. அதைப் பற்றவைக்கச் சின்னப் பொறியே போதும்.

எல்ஸ்மியர் போர்ட் பக்கம் விட்பி என்ற ஊரையே ஹைட்ரஜனுக்கு மாற்றிப் பார்க்கத் திட்டமிட்டார்கள். மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2023 ஜூலையில் கைவிட்டார்கள். ரெட்கார் என்ற ஊரில் போட்ட இதேபோன்ற திட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் நின்றது, கொடுக்க ஹைட்ரஜனே இல்லாமல்! இடையில், அக்டோபரில், வீட்டு வெப்பத்துக்கு ஹைட்ரஜனை ஆதரிக்க வேண்டாம் என்று தேசிய உள்கட்டமைப்பு ஆணையம் அரசுக்குப் பரிந்துரைத்தது. உரத்துக்கும் உருக்குக்கும் ஹைட்ரஜன் தேவை. வீட்டுக்கு மாற்று இருக்கிறது.

ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹீட் பம்புக்கும் ஒரு கொட்டேஷன் வாங்குங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு 2023 அக்டோபரிலிருந்து 7,500 பவுண்டு மானியம் அறிவித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். இடமில்லை, கேஸ் பாய்லர்தான் வழி என்றால், அந்த ஸ்டிக்கருக்காக ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.