தீக்குச்சிக்குத் தெரியாத தேன்

தேனில் நனைத்த தீக்குச்சி உரசியவுடன் பற்றிக்கொண்டால் அது சுத்தத் தேன் என்று தீர்ப்பளிக்கும் வழக்கம் நாடெங்கும் உண்டெனினும், தீப்பெட்டி செய்தே ஒரு நூற்றாண்டு வாழ்ந்துவிட்ட சிவகாசிக்காரர்களாகிய நாமும் அதை நம்புவது வேடிக்கைதான். ஈரம் குறைந்தால் மருந்து பற்றும், மிகுந்தால் பற்றாது என்பதற்கு மேல் அக்குச்சிக்கு ஒன்றும் தெரியாது என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் இந்தப் பரீட்சையில் தேறிவிடும். தேனில் இன்று கலக்கும் பாகோ மாவுச்சத்திலிருந்து வருவது. அது பிறக்கும் விதம் இது: அரிசி, மக்காச்சோளம் முதலியவற்றின் மாவுச்சத்து, குளுக்கோஸ் அணுத்திரள்கள் நீண்ட சங்கிலியாகக் கோத்து நிற்பதாகும். ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதி அச்சங்கிலியைத் துண்டாக்க, குளுக்கோஅமைலேஸ் என்னும் இரண்டாவது நொதி அத்துண்டுகளின் நுனியிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கழற்ற, மூன்றாவதாகிய குளுக்கோஸ் ஐசோமரேஸ் அதில் ஏறக்குறைய 42 சதவிகிதத்தை ஃப்ரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரையாக உருமாற்றுகிறது. தேனிலும் பிரதானமாக இருப்பவை இவ்விரு சர்க்கரைகளே. தேனீயும் தன் உடலில் சுரக்கும் நொதியைக் கொண்டே பூவின் இனிப்பைப் பிளக்கிறது. ஆகவே நொதிகளை நிந்திப்பது நியாயமன்று. பாகைப் பாகு என்று சொல்லி விற்பதும் குற்றமன்று. அதற்குத் தேன் என்று பெயர் சூட்டுவதே குற்றம்.

கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கரியை ஏற்கும் முறை, தேனீக்கள் நாடும் பெரும்பாலான பூச்செடிகளின் முறையினின்று வேறானது. அந்த அடையாளம் சர்க்கரையிலும் தங்கிவிடுவதால், அவற்றின் பாகு கலந்தால் ஆய்வுக்கூடம் கண்டுகொள்ளும். அரிசியோ பூச்செடிகளின் கட்சி. அதன் பாகு இச்சோதனையில் அகப்படுவதில்லை. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 13 வணிகப் பெயர்களில் விற்ற தேனின் 22 மாதிரிகளை ஜெர்மனி வரை அனுப்பி நுட்பமான அணுக்காந்தச் சோதனை செய்வித்து, 77 சதவிகித மாதிரிகளில் கலப்படம் என்று அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன. ஆய்வுக்கூடங்களே திணறும் விஷயத்தில் தீக்குச்சி என்ன செய்யும்?

இப்பாகு விஷமன்று, ஆயினும் மருந்தென்று நம்பிச் சூரணத்தைக் குழைத்துண்பவர் காசு கொடுத்துச் சர்க்கரை உண்கிறார், அசல் தேன் எடுப்பவருக்கோ விலை கிடைப்பதில்லை. நீரிழிவுக்காரர் அசல் தேனைக்கூட அளவின்றிக் கொள்ளலாகாது. இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன்: எத்தனை சுத்தமான தேனாயினும், ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குச் சேனை வைக்கத் தொடாதீர்கள், தேனிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து சிசுவின் குடலில் முளைத்து நரம்புகளைத் தளரச் செய்யும்.

எத்தனையோ பண்டங்களுக்கு லேபிள் அச்சிட்டு அனுப்பும் ஊரில் லேபிளைப் படிக்கச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். எனினும் தீபாவளிக்கு வாங்கும் இனிப்பிலும் பானத்திலும் லிக்விட் குளுக்கோஸ், ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப், இன்வெர்ட் சிரப் என்ற பெயர்களைக் கண்டால் அவையும் சர்க்கரையே என்று கொள்ளுங்கள். அவற்றைச் சேர்த்துவிட்டு, சர்க்கரை சேர்க்கவில்லை என்று அச்சிடச் சட்டம் இடம் தரவில்லை.

சந்தேகம் வலுத்தால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, அதிகாரிக்கு மட்டுமன்றி வாங்குகிற சாமானியனுக்கும், உரிய கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பண்டத்தைச் சோதித்தறியும் உரிமையை அளிக்கிறது. சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பலர் தவறவிடுவது இதையே. பண்டம் சட்டத்துக்கு முரணானதென அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக இயலாதவர் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். நஷ்டஈடு வேண்டுவோர், ரசீதையும் மீதிப் பண்டத்தையும் பத்திரப்படுத்தி, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாமே முறையிடலாம். வக்கீல் வேண்டியதில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருப்பின் கட்டணமும் இல்லை.