தகரப் பெட்டியும் மாதச் சந்தாவும்

கோலார் தங்கவயலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி. உள்ளே, அப்பா சம்பள நாளில் வாங்கிச் சேர்த்த கேசட்டுகள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது, சம்பளமும் நின்றது. பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. மகனோ சந்தா கட்டி, பெங்களூர் ரயிலில் கைபேசியில் பாட்டுக் கேட்கிறார்.

சந்தா என்பது வாடகை. 2019-இல் சரிகம நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீங்கின. அடுத்த ஆண்டு ஒப்பந்தமான பிறகே திரும்பின. கூகுள் பிளே மியூசிக்கில் 50,000 பாடல்கள் வரை சொந்தமாக ஏற்றி வைக்க முடிந்தது. 2020-இல் அந்தச் சேவை நின்றது. யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் தந்தார்கள். மாற்றாதவர்களின் சேமிப்பு 2021 பிப்ரவரியில் அழிக்கப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் 2024-இல் மூடுவிழா கண்டது.

மாற்று வழி வீட்டிலேயே உண்டு. பழைய லேப்டாப் ஒன்றும், அதில் சேர்த்த பாட்டைக் கைபேசியில் கேட்க வைக்கும் நேவிட்ரோம் என்ற இலவச மென்பொருளும் போதும். கேசட்டைக் கணினிக்கு மாற்றத்தான் பொறுமை வேண்டும்: 60 நிமிட நாடா முழுதாக ஓடி முடிய 60 நிமிடமும் ஆகும். தொய்ந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கி, டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்துவிட்டுத் தொடங்கலாம். சுருக்காமல் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஃபிளாக் வடிவில், தரம் குறையாமல், ஏறக்குறைய பாதி. பெயரிடுவதில் கவனம் தேவை. இளையராஜாவை இரண்டு விதமாக எழுதினால் கணினிக்கு அவர் இரண்டு ஆள்.

இது சட்டப்படி சரியா? 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கேசட்டைத் தன் காதுக்காகப் பதிவது அந்த வரம்புக்குள் நிற்கும். அதே சேமிப்பின் கடவுச்சொல்லைத் தெருவுக்கே கொடுத்தால் கதை வேறு. தெரிந்தே உரிமையை மீறினால் 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உரிமை மீறும் நோக்கில் ஆப்பின் பூட்டை உடைத்துப் பாட்டை எடுத்தால் 65ஏ பிரிவு பாயும்.

ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டுதான். 1960-இல் வெளியான பதிவுக்கு அது 2020-உடன் முடிந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. எழுதியவர், இசையமைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கும்.

வெளியூரிலிருந்து கேட்க, ரௌட்டரின் கதவை இணையத்துக்குத் திறந்துவிடுவது ஆபத்து. டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி இணைப்பே பாதுகாப்பு. யாராவது உள்ளே புகுந்து பணம் பறித்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்கலாம். சந்தா வாங்கிய சேவை சொன்னதைத் தராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீதையும் சேவையின் அறிவிப்பையும் படம்பிடித்து வைத்திருந்தால் வழக்கு நிற்கும்.

ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் மக்கர் செய்யும். இரண்டாவது பிரதி எடுத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, காலை ரயிலில் பெங்களூர் போகிறவர் கையில் கொடுத்து அங்கே உறவினர் வீட்டு பீரோவில் வைத்துவிடலாம்.