அக்காவுக்காகச் சைக்கிள் மிதிக்கப் போனேன்



புற்றுநோயாளிகளுக்கு நிதி சேர்க்கும் சைக்கிள் ஓட்டம் ஒன்றில் நானும் கலந்துகொண்டேன். மொத்தம் 60 கிலோமீட்டர். அது பந்தயம் அல்ல. கிலோமீட்டருக்கு இத்தனை காசு என்று தெரிந்தவர்களிடம் எழுதி வாங்கி, ஓட்டம் முடிந்ததும் வசூலித்துக் கட்ட வேண்டும். உங்கள் வட்டாரத்திலும் இப்படி நடந்தால், "இந்த வயசுல நம்மால ஆகுமா?" என்று யோசிப்பீர்கள். தாராளமாக ஆகும். ஆனால் முதலில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

என் அக்கா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகும்போதே வாயில் வெற்றிலை இருக்கும். பசிக்கும் தூக்கத்துக்கும் அதுதான் மருந்து என்பார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை. வலிக்காத புண்ணுக்கு யார் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்? தேன் தடவிப் பார்த்தார். நாலு மாசம் ஓடிவிட்டது. வலி காதுவரை இழுத்தபோதுதான் போனார்.

நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்துக் கட்டிகளையும் வெட்டி எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை, திங்கள் முதல் வெள்ளிவரை, ஆறு வாரம். மெஷினில் படுத்திருப்பது சில நிமிஷம்தான், போய்வர அரைநாள் ஆகும். மூன்றாம் வாரம் வாயெல்லாம் வெந்து, எச்சில் வற்றி, கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர என்னால் என்ன செய்ய முடிந்தது? அந்தச் சமயத்தில்தான் இந்த ஓட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தேன்.

எழுதி வாங்கும் தாளோடு முதலில் அக்காவிடம்தான் போனேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் உதட்டைத்தான் பார்த்தார். இப்போது அவருக்குப் பேச்சு குழறும். மெதுவாகத்தான் கேட்டார்:

"எனக்காகத்தான் மிதிக்கிறியா தம்பி? அப்போ வாயில என்ன?"

"இது வெறும் வெற்றிலையும் பாக்கும்தான்க்கா, புகையிலை இல்லை" என்றேன்.

இதையே சொல்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985இல் சொன்னது. புகையிலை இல்லாவிட்டாலும் உண்டாக்கும், பாக்கே உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. "பல் டாக்டர்கிட்ட வாயைக் காட்டிட்டு வா, அப்புறம் காசு எழுதுறேன்" என்று அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போனேன். இடது கன்னத்தின் உள்ளே பத்துக் காசு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. துளி வலி கிடையாது. டாக்டர் சிறு துண்டு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் சாயங்காலம் தோறும் சைக்கிளை எடுத்துச் செம்பனைக் காட்டுப் பாதையில் மிதித்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை, அதுதான் உண்மை. இப்போது புற்றுநோய் இல்லை, விட்டால் அப்படி மாறக்கூடிய திட்டு என்றார்கள். பாக்கை அறவே நிறுத்த வேண்டும், மூன்று மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். நிறுத்தியபோது முதல் வாரம் தலைவலி, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கோபம். ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்தேன்.

நீங்களும் இன்றே கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு கன்னத்தின் உட்புறம், ஈறு, மேலண்ணம், நாக்கின் அடி எல்லாம் பார்க்க வேண்டும். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து ஓரங்களையும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போங்கள். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்கும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றாலும் காட்ட வேண்டியதுதான். வீட்டுப் பாட்டிகளையும் விட்டுவிடாதீர்கள்.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாசத்துக்கு முன்பே, முதலில் 5 கிலோமீட்டர் என்று ஆரம்பித்து வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். ஹெல்மெட் கட்டாயம். நீரிழிவு, இரத்த அழுத்தம், நெஞ்சு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசிக் கூட்டத்தில்தான் வந்து சேர்ந்தேன். மறுநாள் வசூலுக்குப் போனபோது அக்கா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சில்லறை. கிலோமீட்டருக்குப் பத்துக் காசு, மொத்தம் 6 வெள்ளி. எண்ணி வைத்துவிட்டு, "வாயைத் திற, பார்ப்போம்" என்றார்.

வரும் செவ்வாய்க்கிழமை எனக்குப் பல் டாக்டரிடம் தேதி. அவருக்கும் அன்றுதான் கழுத்துப் பரிசோதனை. ஒரே பஸ்ஸில் போகிறோம்.