பொன் தேடிக் கண்ட பீங்கான்

ராபர்ட்சன்பேட்டையை அடுத்த கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களும் அவர்தம் வழியினரும் ஏறத்தாழ நூற்று இருபது ஆண்டுக்காலம் அங்கே உழைத்தனர். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. பாறையில் பொன் குறைந்தது, வெட்டும் செலவு கூடியது. பொன் தீர்ந்த ஊர் எதைக் கொண்டு வாழ்வது? ஜெர்மனியின் மைசன் நகரிலோ, பொன்னே கிடைக்காத நிலையில் களிமண்ணிலிருந்து ஒரு தொழில் பிறந்தது.

சாக்சனி மன்னர் அகஸ்டஸ், இரசவாதத்தால் பொன் செய்வதாகக் கூறிய பெட்கர் என்ற இளைஞரைக் காவலில் வைத்திருந்தார். சீனப் பீங்கானின்மீது மன்னருக்கு அளவற்ற மோகம்; 1717-இல் 151 பீங்கான் பொருள்களுக்காக 600 குதிரைப்படை வீரர்களையே பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தவர் அவர். பெட்கரால் பொன் செய்ய இயலவில்லை. ஆயினும் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞருடன் நடத்திய சோதனைகளின் பயனாக, 1708-இல் வெள்ளைப் பீங்கானின் கலவையைக் கண்டறிந்தார். 1710-இல் மைசனில் ஆலை தொடங்கியது.

சிற்பம் பயின்ற யோகான் யோவாகிம் கெண்ட்லர் 1731-இல் இவ்வாலையில் சேர்ந்தார். மன்னரின் மாளிகைக்காக விலங்குகளையும் பறவைகளையும் உயிருள்ள அளவிலேயே பீங்கானில் வடிப்பது அவருக்கு இடப்பட்ட முதற்பணி. அவை சூளையில் வெடித்தன. எஞ்சியவற்றில் இன்றும் விரிசல்களைக் காணலாம். காரணம் எளிது. ஏறத்தாழ 1400 பாகை வெப்பத்தில் வேகும்போது பீங்கான் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. பருத்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஒரே சீராகச் சுருங்காவிடில் உடைவது உறுதி.

கெண்ட்லரின் பெரும்புகழ் ஒரு சாண் உயரப் பொம்மைகளில்தான் அமைந்தது. அரசவை விருந்துகளில் மேசை நடுவே சர்க்கரைப் பொம்மைகள் வைப்பது அக்கால வழக்கம். அவ்விடத்தைப் பீங்கான் பொம்மைகள் பிடித்தன. கோமாளிகள், தெரு வணிகர்கள், காதலர்கள், வாத்தியம் இசைக்கும் குரங்குகள் எனப் பலவற்றை அவர் படைத்தார். பிரூல் பிரபுவுக்காக 1737 முதல் 1741 வரை உருவான அன்னப்பறவை விருந்துக்கலத் தொகுதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளைக் கொண்டது. அதனை ஒருவர் கைவேலை என்று கருதலாகாது. எபர்லைன் போன்ற உதவிச் சிற்பிகளும் அதில் பங்கு கொண்டனர்.

பொம்மை உருவாகும் முறை, நவராத்திரிக் கொலுவுக்கு அச்சில் மண் பொம்மை செய்யும் நம் கைவினைஞருக்குப் புதிதன்று. கலைஞர் முதலில் மாதிரி உரு செய்கிறார். அதனைத் தலை, கை, உடல் எனப் பல துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு எடுக்கின்றனர். அச்சில் அழுத்தி எடுத்த துண்டுகளைக் குழைத்த களிமண்ணால் ஒட்டி, விரல் நகம், ஆடை மடிப்பு முதலியவற்றை மற்றொரு தொழிலாளர் திருத்துகிறார். நீட்டிய கை சூளையில் தொய்ந்துவிடாதிருக்க முட்டுக்கொடுப்பதும் உண்டு. மெருகேற்றிச் சுட்டபின் வண்ணம் தீட்டி மீண்டும் சுடுகின்றனர். பொடியாக்கிய பொன்னை விளிம்பில் பூசிச் சுட்டு, அகேட் கல்லால் தேய்த்தால் அது ஒளிரும். பொன் இங்கே வெறும் ஒப்பனைப் பொருள்தான்.

1756-இல் பிரஷ்யப் படை மைசனைக் கைப்பற்றியது. பிரஷ்ய மன்னர் 1763-இல் பெர்லின் பீங்கான் ஆலையைத் தமதாக்கிக் கொண்டார். மைசனின் சிற்பி மேயர் அதற்கு முன்பே பெர்லின் சென்றுவிட்டார். கைத்திறன் உடையவர் சென்றால் தொழிலும் உடன் செல்கிறது. ராபர்ட்சன்பேட்டைப் பகுதியிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

கெண்ட்லர் ஊரை விட்டுச் செல்லவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, 1775-இல் மைசனிலேயே காலமானார். அவருடைய உருக்கள் சில இன்றும் அவ்வாலையில் வார்க்கப்படுகின்றன. கோலாரின் ஆழ்சுரங்கங்களில் நீர் நிறைந்துவிட்டது.